கடைசி ராஜேந்திரன்



ஆடித் திருவாதிரை வந்தால் நம் ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகும் சாலை நிரம்பி வழிகிறது. முதலாம் ராஜேந்திர சோழரின் பிறந்த நட்சத்திரம் என்பதால் அது அரசு விழாவாகவே நடக்கிறது. நம் குடியிருப்பிலிருந்தும் பல குடும்பங்கள் போய் வருகின்றன. நானும் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விமானத்தை அண்ணாந்து பார்த்த குழந்தை, கோயில் இருக்கிறது, அரண்மனையும் ஊரும் எங்கே போயின என்று கேட்டுவிட்டது. கங்கை வரை படை அனுப்பியதையும் கடாரம் வென்றதையும் சொல்ல எனக்குத் தெரியும். ஊர் எங்கே போனது என்பதற்கு உடனே பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். குழந்தையின் கேள்விக்கான பதில் வேறொரு ராஜேந்திரரிடம் இருக்கிறது. சோழர்களில் அந்தப் பெயரில் மூன்று மன்னர்கள். முதலாமவர் இந்த நகரத்தைக் கட்டியவர். இரண்டாமவர் அவருடைய மகன், கொப்பம் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டவர். மூன்றாமவர் 1246 முதல் 1279 வரை ஆண்டவர். சோழ மரபின் கடைசி மன்னர் இவர்தான். இவருக்குத் திருவிழா கிடையாது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் குடியிருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இவருடையது.

வாங்காத கடன்

நான் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவன். அப்பா வாங்கிய கடனுக்கு மகன் வந்து கவுண்டரில் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் ராஜேந்திரரின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது.

மூன்றாம் குலோத்துங்கர் (1178–1218) வலிமையான சோழர்களில் கடைசியானவர். பாண்டியருக்குள் நடந்த பங்காளிச் சண்டையில் தலையிட்டு மதுரை மீது பலமுறை படையெடுத்தார். 1205 வாக்கில் நடந்த படையெடுப்பில் பாண்டியர் முடிசூட்டிக்கொள்ளும் மண்டபத்தையே இடித்து, அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழச் செய்தார். இதை அவருடைய கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. வென்றதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு போர்க் கணக்கு. கழுதை ஏர் பூட்டியதால் அது அவமானக் கணக்கு ஆகிவிட்டது. அவமானத்துக்கு வட்டி அதிகம்.

அந்த வட்டி சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1216இல் மதுரையில் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியர் சோழ நாட்டுக்குள் நுழைந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தார். முதிய குலோத்துங்கர் தலைநகரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. சோழர் மண்டபத்திலேயே பாண்டியர் வீராபிஷேகம் செய்துகொண்டார். ஹொய்சளர் படை உதவிக்கு வந்தது. சுந்தர பாண்டியரும் நாட்டைச் சோழரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். ஆனால் சோழ நாட்டை வழங்கியவர் என்று ஒரு பட்டத்தையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவரைப் போல ஆனது சோழர் நிலை.

அடுத்து வந்த மூன்றாம் ராஜராஜர் காலத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அவருக்குக் கீழ்ப்பட்டவராக இருக்க வேண்டிய காடவர் தலைவர் கோப்பெருஞ்சிங்கர் 1231இல் தெள்ளாற்றில் அவரைத் தோற்கடித்துப் பிடித்து, சேந்தமங்கலம் கோட்டையில் சிறை வைத்தார். சேந்தமங்கலம் இன்றைய உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் இருக்கிறது. ஹொய்சள மன்னர் இரண்டாம் நரசிம்மர் தம் தளபதிகளை அனுப்பிச் சோழரை மீட்டுக் கொடுத்தார். கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலில் உள்ள கல்வெட்டு இந்தக் கதையை விவரமாகச் சொல்கிறது. கங்கையையும் கடாரத்தையும் வென்ற மரபின் மன்னரை, இருநூறு ஆண்டுகள் கழித்து அடுத்த வீட்டுக்காரர் வந்து விடுவிக்க வேண்டியிருந்தது.

உதவி இலவசமாகக் கிடைக்கவில்லை. ஹொய்சளர் திருச்சிக்கு வடக்கே, இன்றைய சமயபுரம் பக்கத்தில் உள்ள கண்ணனூரில் நிலையாகத் தங்கிவிட்டனர். அவர்கள் எழுப்பிய போஜீஸ்வரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சமயபுரம் மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் ஒரு எட்டு அதையும் பார்த்து வரலாம்.

1246

இந்தச் சூழலில்தான் 1246இல் மூன்றாம் ராஜேந்திரர் பட்டத்துக்கு வந்தார். பழைய மன்னர் ராஜராஜர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அடுத்து சில ஆண்டுகள் இருவர் பெயரிலும் கல்வெட்டுகள் உண்டு. ஆனால் நிர்வாகத்தைத் தூக்கி நிறுத்த முயன்றவர் இளையவர்தான். வரலாற்று ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி போன்றவர்களும் முந்தியவரைவிட இவரையே திறமைசாலியாக மதிப்பிடுகிறார்கள்.

பட்டத்துக்கு வந்த வேகத்தில் பாண்டியரோடு மோதினார். இரண்டு பாண்டிய மன்னர்களை வென்றதாக இவருடைய கல்வெட்டு சொல்கிறது. நெல்லூரிலிருந்து ஆண்ட தெலுங்குச் சோடர் தலைவர் கண்டகோபாலரின் துணையும் கிடைத்தது. முப்பது ஆண்டு அவமானத்தைத் துடைத்துவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் அவர் கணக்கில் வரவில்லை. சோழர் எழுந்து நிற்பது ஹொய்சளருக்கும் பிடிக்கவில்லை. சோழர் பலவீனமாக இருந்தால்தான் கண்ணனூரில் அவர்களுக்கு மரியாதை. அப்போதைய ஹொய்சள மன்னர் சோமேசுவரர் சோழருக்கு மாமன் முறை. நேற்று வரை சோழரைக் காத்த அதே வீடு, சோமேசுவரர் காலத்தில் பாண்டியர் பக்கம் சாய்ந்து ராஜேந்திரரை எதிர்த்து நின்றது. ராஜேந்திரர் வென்றதெல்லாம் இதனால் கையில் தங்கவில்லை.

1251இல் மதுரையில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியர் பட்டத்துக்கு வந்தார். பாண்டிய மரபில் இவரளவுக்கு வெற்றி கண்டவர் இல்லை. சேரரை வென்றார். சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டார். கண்டகோபாலரைக் கொன்று காஞ்சியையும் நெல்லூரையும் பிடித்தார். கண்ணனூரை ஹொய்சளரிடமிருந்து பறித்தார். 1262 வாக்கில் நடந்த போரில் சோமேசுவரரே உயிரிழந்தார். ஸ்ரீரங்கத்திலும் சிதம்பரத்திலும் இவர் பொன் வேய்ந்ததை இன்றும் பேசுகிறோம். அந்தப் பொன்னில் ஒரு பகுதி இப்படி வென்ற நாடுகளிலிருந்து போனதுதான். இந்த வெற்றிப் பயணத்தில் 1250களின் பிற்பகுதியில் ராஜேந்திரரும் பணிந்தார். பாண்டியருக்குத் திறை கட்டும் மன்னர் ஆனார்.

அதே காலத்தில் ருஷ்யாவில்

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் இதே நிலையில் ஒருவர் இருந்தார். ருஷ்யாவின் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி என்ற இளவரசர்தான் அவர். 1240இல் நேவா ஆற்றங்கரையில் சுவீடன் படையையும், 1242இல் உறைந்துபோன பெய்புஸ் ஏரியின் மேல் ஜெர்மானிய வீரர்களையும் தோற்கடித்தவர். அவ்வளவு பெரிய வீரர், கிழக்கிலிருந்து வந்த மங்கோலியரோடு மட்டும் போருக்குப் போகவில்லை. மங்கோலியர் கீவ் நகரத்தை அழித்ததை அவர் அறிவார். அவருடைய தந்தை யாரோஸ்லாவ் மங்கோலியரின் தலைநகரான காரகோரத்துக்குப் போன இடத்தில் 1246இல் இறந்துபோனார். நம் ராஜேந்திரர் பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு.

அலெக்சாண்டர் மங்கோலிய ஆட்சியாளரிடம் தாமே போய்ப் பணிந்து, 1252இல் விளாதிமிர் நகரத்தின் மூத்த இளவரசர் என்ற பதவியை வாங்கி வந்தார். மங்கோலியர் வரி போட ஆள் கணக்கெடுக்க வந்தபோது நோவ்கோரோட் மக்கள் எதிர்த்தார்கள். தம் மக்களையே மிரட்டிக் கணக்கெடுப்புக்குச் சம்மதிக்க வைத்தார் அலெக்சாண்டர். 1262இல் பல ஊர்களில் வரி வசூலிப்பவர்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. தண்டனைப் படை வந்துவிடாமல் தடுக்க மறுபடி மங்கோலியரிடம் கெஞ்சப் போனார். 1263இல் திரும்பும் வழியிலேயே இறந்தார். அவருடைய கடைசி மகன் தானியேலுக்குப் பங்காகக் கிடைத்த சிறிய ஊர் மாஸ்கோ. 1480இல் அந்த மாஸ்கோதான் மங்கோலியப் பிடியிலிருந்து விடுபட்டது.

ஒருவர் பணிந்து மரபைக் காப்பாற்றினார், இன்னொருவர் பணிந்தும் காப்பாற்ற முடியவில்லை. ராஜேந்திரருக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று முதலில் நானும் நினைத்தேன். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது.

மங்கோலியர் தூரத்துப் புல்வெளிக்காரர்கள். ருஷ்யாவின் காடுகளிலும் பனியிலும் வந்து குடியிருக்க அவர்களுக்கு ஆசை இல்லை. அவர்களுக்கு வேண்டியது வரியும் ஆளும்தான். அதை வசூலித்துக் கொடுக்க உள்ளூர் இளவரசர் ஒருவர் இருந்தால் அவர்களுக்கும் வசதி. பாண்டியர் விஷயம் அப்படி இல்லை. மதுரைக்கும் காவிரிக்கும் நடுவே சில நாள் பயணம்தான். இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே மாதிரி நில அளவு, ஒரே மாதிரி வரி. பாண்டியர் அதிகாரி தஞ்சையில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் கூட வேண்டாம். திறை வாங்கிக் கொடுக்க நடுவில் ஒரு சோழர் எதற்கு? தூரத்து எசமானருக்கு நாம் தேவைப்படுவோம். பக்கத்து எசமானருக்கு நம் வயலே போதும். ராஜேந்திரர் எவ்வளவு ஒழுங்காகத் திறை கட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

திறை கட்டிய இருபது ஆண்டுகள்

அப்படியானால் பணிந்த பிறகு இருந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்தது என்ன? போர்க் கதைகளைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

அந்தக் காலத்தில் இப்போது போல ஒரே ஆண்டுக் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவாக இல்லை. ஒரு நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைத்தாலும், விளக்கெரிக்க ஆடு கொடுத்தாலும், ஊர்ச்சபை வரி பற்றித் தீர்மானம் போட்டாலும், கல்வெட்டின் தலைப்பில் எந்த மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வெட்டுவார்கள். அதுதான் தேதி. நம் பத்திரத்தில் இருக்கும் முத்திரை மாதிரி. எந்த ஊர் எந்த மன்னரின் ஆண்டைப் போடுகிறதோ, அந்த ஊருக்கு அவர்தான் மன்னர். மெய்க்கீர்த்தியில் யாரும் எதையும் பாடிக்கொள்ளலாம். தேதியில் பொய் சொன்னால் சொத்துக்கே ஆபத்து என்பதால் ஊர்க்காரர்கள் அதில் கவனமாக இருப்பார்கள்.

காவிரிப் படுகை ஊர்களில் பலவற்றில் 1279 வரை மூன்றாம் ராஜேந்திரரின் ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. மேலே பாண்டியர் இருக்கிறார், பக்கத்தில் ஹொய்சளர் இருக்கிறார், காடவர் தம்மைச் சக்கரவர்த்தி என்றே சொல்லிக்கொள்கிறார். அத்தனைக்கும் நடுவில் ஒரு விவசாயி தன் நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்கும்போது இந்த மன்னரின் ஆண்டைப் போட்டால் அது செல்லும் என்று நம்பினார். திறை கட்டிக்கொண்டே இருபது ஆண்டுகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியதுதான் ராஜேந்திரர் செய்த வேலை என்று எனக்குப் படுகிறது.

இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த வங்கி ஒருநாள் வேறொரு பெரிய வங்கியோடு இணைந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெயர்ப்பலகை, அடுத்த வாரம் வேறு பெயர்ப்பலகை. ஒரு பாட்டி பழைய டெபாசிட் ரசீதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து, இது இனிமேல் செல்லுமா என்று கேட்டார். செல்லும் பாட்டி, ஒரு பைசா குறையாது என்று சொல்லி, ரசீதைப் பார்த்து லெட்ஜர் பக்கத்தையும் திறந்து காட்டினேன். அவர் முகம் தெளிந்ததை இன்னும் மறக்கவில்லை. மேலிடத்தில் எந்த வங்கி எதை விழுங்கியது என்பது அவருக்குத் தேவையில்லை. ரசீது செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கும் இது புதிதல்ல. ஜெயங்கொண்டம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். மாவட்டப் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் யாருடைய பட்டாவும் செல்லாமல் போகவில்லை. அதனால்தான் நாம் சிரித்துக்கொண்டே அதைப் பேச முடிகிறது.

1279

பாண்டியரின் கை ஓங்கியதும் சோழரும் ஹொய்சளரும் பழைய பகையை மறந்து நெருங்கினார்கள். சோமேசுவரரின் மகன் ராமநாதர் ராஜேந்திரரோடு சேர்ந்து நின்றார். இந்த ஒற்றுமை முப்பது ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். 1268இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியர் 1279இல் இருவரையும் தோற்கடித்தார். அதற்குப் பிறகு ராஜேந்திரரின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டு இல்லை. விஜயாலயர் 850 வாக்கில் தஞ்சையில் தொடங்கி வைத்த மரபு சுமார் 430 ஆண்டுகளுக்குப் பிறகு நின்றது. அதன்பின் இந்த ஊர்களின் கல்வெட்டுகளில் பாண்டியரின் ஆண்டு வருகிறது. நிலமும் கோயிலும் விளக்கும் அப்படியே தொடர்ந்தன. தலைப்பில் இருந்த பெயர்தான் மாறியது.

அதே 1279இல் சீனாவில் சோங் வம்சமும் குப்ளாய் கானின் மங்கோலியப் படையிடம் முற்றிலும் அழிந்தது. சோழர் 1015, 1033, 1077 ஆண்டுகளில் தூதர் அனுப்பி வியாபாரம் பேசிய அதே சோங் வம்சம். கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த இரண்டு பழைய வீடுகளும் ஒரே ஆண்டில் பூட்டப்பட்டன.

வென்றவர்களும் நீடிக்கவில்லை. குலசேகர பாண்டியரின் மகன்களான சுந்தர பாண்டியரும் வீர பாண்டியரும் பட்டத்துக்காக அடித்துக்கொண்டார்கள். 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைக்குள் புகுந்தார். கழுதை ஏர் பூட்டியதில் தொடங்கிய பகை இரண்டு வீட்டையும் தின்றுவிட்டது. நூறு ஆண்டுகளில் சோழரும் பாண்டியரும் ஒருவரையொருவர் உழுது, எரித்து, கடைசியில் மூன்றாவது ஆள் வந்தபோது தடுக்க யாரிடமும் பலம் இல்லை.

ஊர் எங்கே போனது

பேத்தியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். சுமார் இருநூற்று ஐம்பது ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊருக்கு 1279க்குப் பிறகு தலைநகராக இருக்க வேலை இல்லாமல் போனது. அரண்மனை செங்கல்லால் கட்டியது. ஆள் இல்லாத செங்கல் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மிச்சமிருந்ததை மக்கள் தோண்டி எடுத்தார்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது பெரிய கோயிலின் மதில் கற்களும் போயின. அந்த அணையால் பாசனம் பெற்ற வயல்களின் அரிசியை நாமும் சாப்பிட்டிருப்போம். எனவே அதை முழு நஷ்டமாக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான். தொல்லியல் துறையினர் அகழ்ந்து செங்கல் சுவர்களின் அடித்தளத்தை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்த முறை கங்கைகொண்ட சோழபுரம் போகும்போது விமானத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். முதலாம் ராஜேந்திரர் கட்டியதைக் கோயிலில் பார்க்கலாம். மூன்றாம் ராஜேந்திரர் எதைக் காப்பாற்றப் பாடுபட்டார் என்பது அந்த மேட்டில் நின்றால்தான் புரிகிறது.

வெயில் தாழ்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேத்தியை அங்கே அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கூட வர விருப்பமுள்ள பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் என்னிடம் சொல்லலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.